எங்கடை ஆள் தந்த துவக்கு

அவருடைய கண் முதலில் போவது உங்கள் காலுக்கு. முகத்தைப் பார்த்து "வாங்கோ, வாங்கோ" என்று சிரித்துக்கொண்டே ஒரு தரம் கீழே போய்ச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடும். பிறகு அவர் திரும்பி எந்தத் தட்டை நோக்கி நடக்கிறார் என்பதைக் கவனித்தால் போதும், இந்த நாட்டில் உங்களுக்கு என்ன மதிப்பென்று விளங்கிவிடும். எனக்கு அது விளங்க வருடக்கணக்கானது. நான் கொஞ்சம் மந்தம்தான்.

ஒஸ்லோவில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருட்கடையில் அவர் வேலை செய்தார். ஸ்கீ, கூடாரம், தூண்டில் எல்லாம் தாண்டி, கடைசி மூலையில் கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் வேட்டைத் துப்பாக்கிகள், எங்கள் பேச்சில் துவக்குகள், வரிசையாக நிற்கும். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த அந்தக் காலத்தில் அந்த மூலையில் நின்ற ஒரே தமிழர் அவர்தான். பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். அண்ணை என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். எந்த அலுவலகத்துக்குப் போவதென்றாலும், எந்தக் கடைக்குப் போவதென்றாலும் முதல் கேள்வி, "அங்கை எங்கடை ஆள் ஆரும் நிக்கினமோ?" என்பதுதான். வங்கியில் எங்கடை ஆள், பல் வைத்தியரிடம் எங்கடை ஆள், கார் விற்கிற இடத்தில் எங்கடை ஆள். பொருளைப் பார்க்கமாட்டோம், ஆளைப் பார்ப்போம். வெஸ்ட்லி, ரொம்மன் என்ற புறநகர்களில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்கக் குளிர்ச் சப்பாத்துக்கும் பிள்ளைகளின் ஸ்கீக்கும் அண்ணையிடம்தான் போனது. அவர் எடுத்துத் தந்ததை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தது.

அவர் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது. "காணும், தம்பி." போதும் என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். பந்தியில் இருக்கும்போது இலைக்கு மேலே கையை மறித்துச் சொல்கிற சொல். அண்ணை அதை அடுத்தவனின் இலையைப் பார்த்துச் சொல்வார்.

என் மனைவிக்கு முதன்முதலாகக் குளிர்ச் சப்பாத்து வாங்கப் போனபோது அவள் மேல்தட்டில் இருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே ஆட்டு ரோமம் வைத்தது. "உது மலையேறுற ஆக்கள் போடுறது, தங்கச்சி. நீங்கள் வீட்டிலையிருந்து ஸ்டேசனுக்குத்தானே நடக்கப்போறியள்," என்று சொல்லிவிட்டு, அண்ணை குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு சோடியை உருவினார். தை மாதத்தில் வெஸ்ட்லி ஸ்டேசன் படியில் அதன் அடி அப்பளம்போல் வெடித்தது. அவள் ஒரு காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கொண்டுபோய்க் கொடுத்து மாற்றுவோமா என்றதற்கு, "விடுங்கோ. எங்கடை மனுசன், பாவம். அவருக்கல்லோ கரைச்சல்," என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒரு பையன் அந்தக் கடையில் ஜாக்கெட் பார்த்துக்கொண்டு நின்றதையும் ஒருமுறை கண்டேன். "சார், இது மைனஸ் ட்வென்ட்டி தாங்குமா? ஆன்சைட்ல மூணு வருஷம் இருக்கணும்," என்றான். அண்ணை அவனை நடுத்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் போனதும் என் காதோரம் வந்து, "அவங்கள் கொம்பனி ஆக்கள். கீழ்த்தட்டைக் காட்டினால் மரியாதையில்லை," என்றார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேல்தட்டு வெள்ளைக்காரனுக்கு, நடுத்தட்டு இந்தியாக்காரனுக்கு என்றால் மிச்சத் தட்டு யாருக்கு என்று நான் யோசிக்கவேயில்லை.

அவர் வீட்டிலும் இதே ஒழுங்குதான். ரொம்மனில் அவர்களுடைய இருப்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் பொன்விளிம்பு வைத்த கோப்பைகள். எங்களுக்குத் தேநீர் வந்தது பெற்றோல் நிலையத்தில் கொடுக்கிற மக்கில். ஒருநாள் நாங்கள் இருக்கும்போதே பக்கத்து வீட்டு நோர்வேஜியர் வாசலில் வந்து, பனி தள்ளுகிற முறை யாருடையது என்று ஏதோ கேட்டார். அண்ணை அவரை வற்புறுத்தி உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அலுமாரி திறந்தது. அண்ணையின் மனைவி அந்தக் கோப்பையில் கோப்பி ஊற்றும்போது எங்கள் பக்கம் பார்க்காமலே ஊற்றினார். அந்த மனுசிக்கு வெட்கம் இருந்தது.

கஞ்சன் என்று நினைக்கவேண்டாம். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதற்கு அவர் பெற்றோல் காசு கேட்டதில்லை. நான் வேலை செய்கிற பஸ் கராஜில் என் வலது மணிக்கட்டு நொறுங்கி நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆட்டெலும்பு சூப் கொண்டுவந்தவர் அவர்தான். போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார். மலிவுச் சாமானைத் தலையில் கட்டி அதில் கமிஷன் அடித்தவரும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கள்ளன் என்றால் நாலு ஏச்சு ஏசிவிட்டு மறந்துவிடலாம். இந்த மனுசன் எங்களுக்கு நல்லது செய்கிறதாக நினைத்துக்கொண்டுதான் எங்களைக் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்.

வந்த புதிதில் அவர் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மற்றவர்களுக்கு உள்ளே கம்பளி வைத்த கையுறை, அவருக்கு மட்டும் வெறும் ரப்பர். ஒருநாள் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் எல்லாருக்கும் முன்னால், "நீ வந்த நாட்டில் கையுறையே இல்லையே," என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். "நானும் சிரிச்சனான். அண்டையோடை கேக்கிறதை விட்டிட்டன்," என்று அண்ணை இதைப் பகிடியாகத்தான் சொல்வார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவரை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பாள் என் மனைவி. எனக்கும் விளங்குகிறது. விளங்கினால் கோபம் குறைய வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை.

இனித் துவக்குக் கதைக்கு வருகிறேன்.

நான் பஸ் திருத்துகிறவன். கராஜில் மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில் பாணுக்கு வெண்ணெய் பூசிச் சாப்பிடுவோம். வருடம் முழுக்க என்னோடு பந்து விளையாட்டும் காலநிலையும் கதைப்பார்கள். புரட்டாசி பிறந்தால் பேச்சு மாறிவிடும். எருமையை விட உயரமான எல்க் மான், அது எந்தச் சரிவில் இறங்கும், யார் எங்கே காத்து நிற்பது, யாருடைய நாய். அந்தக் கிழமைகளில் நான் பாணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் ஓட்வார், அவர்தான் வேட்டைக் குழுவுக்கும் தலைவர், "அடுத்த முறை நீயும் வருகிறாயா?" என்று கேட்டார். குடியுரிமை கிடைத்த நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு அடிக்கவில்லை. முதல் வருடம் பரீட்சார்த்தம், சரிவந்தால் குழுவில் நிரந்தர இடம் என்றார்.

வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படித்தேன், தேறினேன். சனம் கதைத்தது. "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர், இஞ்சை துவக்கு வாங்கித் திரியப்போறாராம்," என்று ஒரு கல்யாண வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த மேசையில் எனக்கு ஒரு பேச்சு வேண்டியிருந்தது.

சாதாரண வேட்டைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளவேண்டும். நொறுங்கிச் சேர்ந்த என் மணிக்கட்டு அந்தத் திருப்பத்துக்கு மடியாது. ஆகவே எனக்கு அரைத் தானியங்கிதான் சரி. அது ஒரு வெடி முடிந்ததும் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோதைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஓட்வார் ஒன்று மட்டும் சொன்னார். "அதில் மலிவானவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டு வாங்கு." எனக்கு நம்பிக்கையானவர் யார் என்று கேட்கவா வேண்டும்?

அண்ணை கவுண்டரில் ஒரே ஒரு துவக்கைத்தான் எடுத்து வைத்தார். வரிசையின் கடைசியில் நின்றது.

"மற்றதையும் ஒருக்கா எடுங்கோவன் அண்ணை. பக்கத்திலை வைச்சுப் பாப்பம்."

"என்னத்துக்கு?" என்றார். ஆனாலும் எடுத்தார்.

இரும்போடு சீவிக்கிறவன் நான், கை சும்மா இருக்காது. விலை கூடியதன் பூட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டேன். ஒரே ஓட்டமாகப் போய்ப் பூட்டிக்கொண்டது. மலிவானதை இழுத்து விட்டால் நடுவழியில் ஒரு சின்னத் தயக்கம். தோட்டாப் பெட்டி இருக்கையில் இலேசாக ஆடியது. பிடி உள்ளே கோறையான பிளாஸ்டிக். குழல் மட்டும் நல்லது, அதை மறுக்கமாட்டேன். நேர்த்தியாகக் கடைந்திருந்தார்கள். மலிவான துவக்கும் இந்தக் காலத்தில் நேராகத்தான் சுடும். நேராகச் சுடுவது வேறு, ஒவ்வொரு முறையும் சுடுவது வேறு. சந்தேகம் எனக்கு வந்தது கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கியில்.

"அண்ணை, உந்தக் கொக்கி மெல்லிசாக் கிடக்கு. ஈரத்திலை, குளிரிலை கோதை ஒழுங்கா இழுத்து எறியுமோ?"

"நீங்கள் என்ன ஆமிக்கோ எடுக்கிறியள்? வருசத்திலை ஒரு கிழமை காட்டுக்குள்ளை நிக்கப்போறியள். அதிலையும் வெடி வைக்க வாய்க்குமோ தெரியாது. இது காணும்."

"அப்ப இந்த மற்றது?"

"அது அவங்கள் எடுக்கிறது தம்பி. பரம்பரை பரம்பரையா வேட்டையாடுற ஆக்கள். உங்களுக்கு இது தாராளமாக் காணும்."

ஒரு பஸ்ஸின் கதவில் அந்தக் கொக்கி இருந்திருந்தாலே கழற்றிக் குப்பையில் போட்டிருப்பேன். என் கண் சரியாகத்தான் பார்த்தது. கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தால் நடுத்தர விலையில் ஒன்றாவது எடுத்திருக்கலாம். ஆனால் எங்கடை ஆள் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்தவர் சொல்கிறார். காவல் நிலையத்தில் அனுமதி எடுத்து அந்தத் துவக்கையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரயிலில் நீளப் பையைக் கண்ட ஒரு தமிழ் அம்மா, "என்ன தம்பி, வீணையோ பழகுறியள்?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

கோடையில் சுடுகளத்தில் அது பெரும்பாலும் ஒழுங்காகவே ஓடியது. சூட்டுப் பரீட்சையையும் அதோடுதான் தேறினேன். இரண்டொரு தரம் கோது வெளியே வராமல் நின்றது. அண்ணைக்குப் போன் செய்து சொன்னேன். "புதுசு தம்பி, பழக வேணும். எண்ணெய் போட்டுப் போட்டு அடியுங்கோ," என்றார். எனக்கு எண்ணெய் போடச் சொல்லித்தருகிறார். போட்டேன்.

வேட்டையின் இரண்டாம் நாள் ஈரப்பனி கொட்டியது. என்னை ஒரு சதுப்பின் ஓரத்தில், ஊசியிலைக் காட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். விடியலிலிருந்து நின்று துவக்கு முழுக்க நனைந்துவிட்டது. நாய் தூரத்தில் குரைத்தது. பிறகு கிளை முறிகிற சத்தம், அதன் பின்னால் அது. அவ்வளவு பெரிய உயிர் அவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நின்றது, பக்கவாட்டில். சுட்டேன். அந்தக் கணம் அது ஓர் அடி முன்னால் வைத்துவிட்டது. வெடி நெஞ்சில் படாமல் பின்னுக்கு, வயிற்றில் பட்டது. முதுகு கூனிய விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

இதற்குத்தான் இரண்டாவது வெடி. உடனே வைக்கவேண்டும், மிருகத்தை வதைக்கக்கூடாது. பரீட்சையில் முதலில் படிப்பிக்கிறதே அதைத்தான். எல்க் எனக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தது. விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால் வெற்றுக்கோது பாதி வெளியே, பாதி உள்ளே. பூட்டு அதைக் கடித்துக்கொண்டு நின்றது. கைப்பிடியை இழுத்தேன், மணிக்கட்டு மடியவில்லை. துவக்கை முழங்காலில் ஊன்றி இடது கையால் இழுத்தேன். கோது கழன்று விழுந்தபோது முன்னால் மரங்கள் மட்டும் நின்றன.

இருட்டும்வரை நாயோடு இரத்தத் தடத்தைத் தேடினோம். அடுத்த நாள் ஒரு நீர்க்குழிக்குள் அதைக் கண்டோம். உயிர் இருந்தது. இரவு முழுக்க இருந்திருக்கிறது. ஓட்வார்தான் சுட்டார். அது எங்களைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதமாட்டேன்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெருப்பைச் சுற்றி இருந்து கோப்பி குடித்தார்கள், என் கோப்பையிலும் ஊற்றினார்கள், என்னோடு கதைக்கவில்லை. ஓட்வார் மட்டும் என் துவக்கை வாங்கி, பூட்டைத் திறந்து, கொக்கியில் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இதை யார் உனக்குத் தெரிவுசெய்து தந்தது?"

"கடையில் எங்கள் ஆள் ஒருவர்."

பூட்டை மூடித் துவக்கைத் திருப்பித் தந்தார். பிறகு, "மற்றவர்கள் உன்னை வேண்டாம் என்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோ. துவக்கில் பிழை என்று கடை ஒத்துக்கொண்டால் வந்து எனக்குச் சொல். நான் உனக்காகக் கதைக்கிறேன்," என்றார். அவ்வளவுதான் எனக்கு மிஞ்சியிருந்தது. நான் கடைக்குப் போகவேண்டும், கடை ஓம் என்று சொல்லவேண்டும்.

சனிக்கிழமை போனேன். கடையில் சனம். கவுண்டருக்கு முன்னால் மழை ஜாக்கெட்டுகள் தொங்குகிற இடத்தில் பையோடு நின்றேன், அண்ணை ஒரு நோர்வேஜியப் பையனோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவன் கையில் என்னுடைய துவக்கேதான், அதே மலிவு வகை. விலை அவனுக்குப் பிடித்திருந்தது. அண்ணையின் நோர்வேஜிய மொழி அழகானது, வடக்கத்து இழுவை இலேசாகக் கலந்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"அதை வைத்துவிடு. கொக்கி பலமில்லை, ஈரத்தில் கோது சிக்கும். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு வந்து நல்லதை எடு. இதை நான் கூடப்பிறந்த தம்பிக்கும் விற்கமாட்டேன்."

பையன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். நான் போய்ப் பையைக் கண்ணாடிக்கு மேலே வைத்துத் திறந்தேன். அண்ணை என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு என் சப்பாத்தைப் பார்க்கவில்லை.

"அவனுக்குச் சொன்னதை எனக்கேன் அண்ணை சொல்லேல்லை?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "மெல்லக் கதையுங்கோ."

"காட்டுக்குள்ளை ஒரு சீவன் விடிய விடியத் துடிச்சது. என்னைக் குழுவிலையிருந்து எடுத்துப்போட்டாங்கள். எனக்கேன் சொல்லேல்லை?"

"தம்பி," என்றார், குரலைத் தாழ்த்தி. "அவனுக்கு வித்தால், சிக்கினவுடனை திரும்பி வருவான். மனேச்சரைக் கூப்பிடு எண்டுவான், சத்தம் போடுவான். பேந்து நான் இந்த வேலையிலை நிக்கேலாது. எங்கடை ஆக்கள் வரமாட்டினம். இத்தினை வருசமா விக்கிறன், கிழிஞ்சாலும் உடைஞ்சாலும் எங்கடை ஆக்களிலை ஒருத்தரும் வரேல்லை."

"நான் வந்திருக்கிறன்."

அவர் வாயைத் திறக்குமுன் கடைப் பொறுப்பாளர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். உயரமான நோர்வேஜியப் பெண், அண்ணையைவிட வயதில் இளையவர். என் குரல் உயர்ந்தது கேட்டிருக்கவேண்டும். திறந்திருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துவக்கில் ஏதாவது பிழையா? எங்களிடம் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறோம்," என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் சொல்லவேண்டிய நாலு வசனத்தையும் ரயிலில் வரும்போதே மனதுக்குள் சரிபார்த்து வைத்திருந்தேன்.

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இல்லாத அழுக்கை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கடையில் எங்கள் நிறத்தில் அவர் ஒருவர். அவர்களுக்கு முன்னால் எங்கடை மனுசனைக் காட்டிக்கொடுக்கிறதோ என்ற எண்ணம் வந்தது. அதைக் கண்டிக்கவும் தெரியவில்லை, மீறவும் தெரியவில்லை.

"பிழை ஒன்றுமில்லை," என்றேன். "எந்த எண்ணெய் நல்லது என்று கேட்க வந்தேன்."

பொறுப்பாளர் சிரித்துவிட்டுப் போனார். அண்ணை துணியை மடித்து வைத்தார். பையின் சிப்பை மெதுவாக இழுத்து மூடி, கண்ணாடிக்கு மேலால் என் பக்கம் தள்ளினார். ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, ஏதாவது வரும் என்று நின்றேன்.

"பாத்தியளே தம்பி," என்றார். குரலில் நக்கல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "நீங்களும் வரேல்லை."

திங்கட்கிழமை மத்தியானம் மேசையில் ஓட்வார் என்ன நடந்தது என்று கேட்டார். கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.